தலையணையிலிருந்து பார்த்த உயரம்

அன்புள்ள கவிதாவுக்கு அம்மா எழுதுவது.

கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் நம் வீட்டுப் பின்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். உன் அத்தை ஊருக்குப் போய் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கட்டிலில் உன் அப்பா. கால்மாட்டில் நான். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்த உன் அத்தை, நாற்காலியில். எதிர்வீட்டு முருகேசன் அண்ணன், சுவரில் துளை போடுகிற மெஷினைக் கையில் பிடித்தபடி. எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்ற மாப்பிள்ளை. அப்புறம் நீ. ஆறு பேர்தான். முருகேசன் அண்ணனின் சம்சாரம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே போய்விட்டாள், அவளைச் சேர்க்க முடியாது.

உன் கடிதம் நேற்று வந்தது. புது வீட்டில் சாமி படம், மாமனார் படம், கடிகாரம், கண்ணாடி, காலண்டர் இதையெல்லாம் எந்த உயரத்தில் மாட்டுவது, வீட்டுச் சொந்தக்காரர் அஞ்சு ஆணிக்கு மேல் அடிக்கக்கூடாது என்கிறார், நீ சொல் என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்னிடமா கேட்கிறாய்? நான் ஆறாவதோடு நின்றவள். செலவுக் கணக்கு எழுதி எழுதித்தான் என் கையெழுத்தே ஒரு நிலைக்கு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன். செய்தவளுக்கு, தான் செய்தது என்ன என்று எப்போதும் தெரிவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குத்தான் தெரிகிறது.

நம் வீட்டில் எதை மாட்டினாலும் கதவு நிலைக்கு மேலேதான் என்பது உனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோதே எல்லாப் படங்களும் அங்கே வரிசையாக இருந்தன, முன்பக்கம் லேசாகக் குனிந்தபடி. ஏன் அந்த உயரம் என்று நான் யாரையும் கேட்டதில்லை. சாமி உயரத்தில் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன், இப்போதும் அந்த எண்ணம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆணி அடிக்கிறவர் முக்காலிமேல் ஏறி நின்று கையை எவ்வளவு தூரம் நீட்டுகிறாரோ, அதுதான் நம் வீட்டில் உயரம். அதில் மரியாதைக் கணக்கு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை படங்களுக்குக் குங்குமம் வைக்க நான் முக்காலி ஏறினேன். தேதி கிழிக்கவும் அதே முக்காலிதான். வீட்டில் தினமும் தேதி கிழிக்கிறவள் நான் ஒருத்தி, காலண்டர் தொங்கியது உன் அப்பா உயரத்தில். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை பார்.

உனக்குத்தான் தோன்றியது. நீ ஆறாவது படிக்கும்போது, கிணற்றடிச் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை நீயே கழற்றி, கீழே இன்னொரு ஆணி அடித்து மாட்டிவிட்டாய். மறுநாள் காலை அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். கண்ணாடியில் அவருடைய பனியன்தான் தெரிந்தது. "யாரு இத எறக்குனது?" என்று சத்தம் போட்டார். நீ கொஞ்சமும் பயப்படவில்லை. "நான்தாம்பா. எனக்கு வகிடு மட்டும்தான் தெரியுது. பொட்டு எங்க வைக்கறது, கூரையிலயா?" என்றாய். அடிதான் விழப்போகிறது என்று நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அப்ப சரி, நான் உக்காந்து பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் உட்கார்ந்துதான் சவரம் செய்கிறார். நீ கல்யாணமாகிப் போனபிறகும் அந்தக் கண்ணாடியை ஏற்றவில்லை. உன் பிடிவாதத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அந்தப் பிடிவாதத்துக்கு இடம் கொடுத்த மனுஷனைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் இதை இங்கே எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, காலில் எடை கட்டி, ஐப்பசி முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எடை தொங்குவதற்காகக் கட்டிலை அந்த அறையில் ஒரே வாட்டத்தில்தான் போட முடிந்தது. திருப்பக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலைமாடு மேற்குச் சுவரை ஒட்டி. அந்தச் சுவரில்தான் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலை. எந்த மலையைப் பார்த்துப் பல் தேய்த்து, எந்த மலையைப் பார்த்துச் சாப்பிட உட்காருவாரோ, அந்த மலை அவர் தலைக்குப் பின்னால் போய்விட்டது. அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது வெறும் கிழக்குச் சுவர். முதலில் கொஞ்ச நாள், "மேல மேகம் கட்டுதா பாரு", "உச்சி தெரியுதா?" என்றெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். சாப்பாடு வேண்டும் என்று கேட்பதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார், கவிதா. ஆனால் இவர் எழுந்திருக்க ஆசைப்படுவாரா என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு எழுதிய கடிதங்களில் இதைச் சொல்லவில்லை, அண்ணாமலையாரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீபத்தன்று காலை நீ வந்ததும் பையைக்கூட இறக்காமல் அவரிடம் போய், "சாயங்காலம் தீபம் பாக்கணுமாப்பா?" என்று கேட்டாய். "மொட்ட மாடிக்கு என்னத் தூக்கினு போவியா? வுடு கண்ணு. போன வருஷம் பாத்தது கண்ணுலயே இருக்குது" என்றார். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன். நீ ஜன்னலிடம் போய் மலையைப் பார்த்தாய். திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தாய். நேராகக் கூடத்துக்குப் போய், உன் கல்யாணத்துக்கு வந்த அந்தப் பெரிய கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாய்.

அத்தைக்கு உடனே பொறுக்கவில்லை. "கண்ணாடிய எங்க தூக்கினு வர்ற? மலையக் கண்ணாடியில பாக்கறதா? எடது வலமா தெரியும்டி. சாமி குத்தம்" என்றாள். எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. "கோயில்ல சொவத்துல எழுதுன சாமிக்கு எப்படி அபிஷேகம் பண்றாங்க அக்கா? தண்ணி ஊத்துனா சாயம் போயிடும்னு எதுருல கண்ணாடிய வச்சு, அதுல தெரியற சாமிக்குத்தான ஊத்தறாங்க?" என்று கேட்டேன். "அது ஐயருங்க பண்றது" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முருகேசன் அண்ணனை உனக்குத் தெரியுமே. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், யார் சொல்வதையும் முழுசாகக் கேட்கவும் மாட்டார். "படம் மாட்டறத எங்கிட்ட வுட்டுடுங்க" என்று கண்ணாடியை வாங்கித் தன் முகத்துக்கு நேராகச் சுவரில் வைத்துப் பார்த்தார். "தெரியுது பாரு மலை! உச்சி சும்மா பளிச்சினு!" நாங்கள் ஒவ்வொருவராகப் போய் நின்று பார்த்தோம். எனக்குத் தெரிந்தது. அத்தைக்குக்கூடத் தெரிந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, "நல்லாத் தெரியுதுங்க" என்றார். துளை போட்டு, மரத்துண்டு செருகி, ஆணி அடித்து மாட்டியாயிற்று. "இன்னா மச்சான், தெரியுதா?" என்று முருகேசன் அண்ணன் கேட்டார். "ஆங், தெரியுது தெரியுது" என்றார் உன் அப்பா. எல்லாருக்கும் திருப்தி. காபியை எடுத்துக்கொண்டோம்.

நீ மட்டும் எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்கப்புறம் நீ செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, அவர் தலையணையிலேயே உன் தலையைச் சாய்த்து, அவர் காதோடு காது ஒட்ட வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாய். அப்புறம் மெதுவாக, "அப்பா, இது மலையாப்பா? பரண் மேல இருக்கற அண்டாப்பா" என்றாய்.

"கவுத்து வச்சா அண்டாவும் மலை மாதிரிதான் இருக்குது" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம்தான் புரிந்தது. நாமெல்லாம் கஷ்டப்படக்கூடாது என்று, ஜன்னலுக்கு மேலே பரணில் கவிழ்த்த அண்டாவைப் பார்த்துக்கொண்டே தீபத்தைக் கழித்துவிட அவர் தயாராக இருந்தார். அவ்வளவு பேர் நின்று பார்த்தோம். நல்ல கண்ணுள்ளவர்கள்தான் எல்லாரும். யாருக்காக மாட்டுகிறோமோ அவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதை நீ ஒருத்திதான் பார்த்தாய். எனக்கு அப்போது உன்னைப் பார்த்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பெற்ற பெண்ணைக் கும்பிடக்கூடாது என்பதால் காபி தம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அத்தை சொன்னபடி கண்ணாடியை முன்னால் சாய்த்துப் பார்த்திருந்தீர்கள். அண்டா போய் ஜன்னல் நிலையின் மேல்கட்டை தெரிந்தது, அதற்குமேல் வழியில்லை. "எறக்குங்க மாமா" என்றாய் தலையணையிலிருந்து. ஆணியிலிருந்து கழற்றிய கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. "இன்னும்." முருகேசன் அண்ணனுக்குக் கோபம். "ஏம்மா, இடுப்புக்கே வந்துடும் போலக்கிது. கண்ணாடிய யாராச்சும் இடுப்புல மாட்டுவாங்களா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"பாக்கறவரு படுத்துனு இருக்காரு மாமா."

அவ்வளவு குனிந்து பிடிக்க முடியாது, முதுகு பிடித்துக்கொள்ளும் என்று முருகேசன் அண்ணன் கண்ணாடியை நீட்டினார். அதுவரை ஒரு வேலையும் கொடுக்கப்படாமல் நின்ற மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு முட்டி போட்டார். "ஐயோ, மாப்ளயப் போய்..." என்று அத்தை பதறினாள். "பரவால்லீங்க" என்று அவர் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். நீ சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். திடீரென்று, "அங்கியே! நிறுத்து!" என்று ஒரு சத்தம். அது உன் குரல் இல்லை. உன் அப்பா குரல். மாப்பிள்ளையை நிறுத்து என்று ஒருமையில் சொல்லிவிட்டோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அத்தனை நாளில் அவர் வாய் திறந்து இது வேண்டும் என்று கேட்டது அதுதான். நான் பென்சிலால் கோடு போட்டேன். "மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு ஓட்ட மிச்சம்" என்று முருகேசன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி துளை போட்டார். மேலே அந்த முதல் ஓட்டை அப்படியே இருக்கிறது. அடைக்கவில்லை.

சாயங்காலம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் தலையணையில் தலை வைத்திருந்ததால் உனக்குத் தெரியாத பாதியை நான் எழுதுகிறேன். நீயும் அப்பாவும் பின்னறையில், மற்ற எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். தெரு முழுக்க விளக்கை அணைத்துவிட்டார்கள். நான் வழக்கம்போல அகல்களில் எண்ணெய் விட்டு, திரி போட்டு, தீப்பெட்டியோடு நடையில் நின்றேன். நம் வீட்டில் எப்போதும் அப்பாதான் மாடியிலிருந்து தீபம் பார்த்துக் குரல் கொடுப்பார், அந்தக் குரல் கேட்டுத்தான் நான் விளக்கேற்றுவேன். இந்த வருஷம் யார் குரல் கொடுப்பார்கள் என்று யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று குரல் வந்தது. மாடியிலிருந்து இல்லை. பின்னறையிலிருந்து. பாதியில் உடைந்த குரல், ஆனால் அதே குரல். எனக்கு என்ன யோசனை, குச்சியைக் கிழித்து முதல் அகலை ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம்தான் மாடியில் சத்தம், அதற்கப்புறம் தெருவெல்லாம்.

"யாரு சொல்லி விளக்கேத்துன?" என்று கேட்டபடி அத்தை இறங்கி வந்தாள். "உங்க தம்பி சொல்லித்தான்" என்றேன். நம்பாமல் பின்னறைக்குள் போனாள். நின்றால் தெரியாதே! முட்டி வலியோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உச்சியில் அந்தச் சுடர் சின்னதாக, அசையாமல். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எடதும் இல்ல, வலதும் இல்ல, தீபம் தீபமாத்தான்டி இருக்குது" என்றாள். இப்போது கீழ்பென்னாத்தூரில், கண்ணாடியை இறக்கச் சொன்னதே தான்தான் என்கிறாளாம். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகையால் உன் புது வீட்டுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆணி அடிக்கிறவர் உயரத்தைக் கேட்காதே. சாமி படத்துக்கு முன்னால் நீ உட்கார்ந்துதான் கும்பிடுவாய், அதனால் உட்கார்ந்து பார், கண் போய் இயல்பாக எங்கே நிற்கிறதோ அங்கே அண்ணாமலையார் முகம் வரட்டும். விளக்குப் புகை படாத அளவு மட்டும் தள்ளி இருக்க வேண்டும். படுக்கிற இடத்துக்குக் கால்மாட்டில் வராமல் பார்த்துக்கொள், அவ்வளவு மரியாதை போதும். கடிகாரம் உனக்கு அடுப்படியிலிருந்து தெரிய வேண்டும், கூடத்தில் அழகாக இருந்து என்ன பயன்? காலண்டர், கிழிக்கிறவர் கைக்கு எட்டும்படி. அதை மாப்பிள்ளையே கிழிக்கட்டும் என்றால் அவர் உயரத்துக்கு மாட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் உன் பொட்டும் அவர் தாடையும் ரெண்டும் தெரிகிற ஓர் உயரம் இருக்கும், ரெண்டு பேரும் ஒன்றாக நின்று தேடினால் கிடைக்கும். உன் மாமியாருக்குக் கழுத்து வலி இருக்கிறது, அண்ணாந்து பார்க்க முடியாது. அவர்கள் வந்து தங்குகிற அறையில் மாமனார் படத்தை நிலைக்கு மேலே ஏற்றிவிடாதே. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கட்டும். அஞ்சு ஆணி போதும், கவிதா. அடிப்பதற்கு முன்னால் யார் எங்கிருந்து பார்ப்பார்கள் என்று நீ பார்த்துவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி இங்கே உள்ள விஷயம். நேற்று டாக்டர் வந்தார். எடை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், கட்டிலைத் திருப்ப வேண்டாம், ஆனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரலாம் என்றார். நானும் முருகேசன் அண்ணனும் பிடித்து உட்கார வைத்தோம். முகமெல்லாம் வேர்த்துவிட்டது, ஆனால் உட்கார்ந்தார். உட்கார்ந்து நிமிர்ந்ததும் முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தார். "எங்கடி மலை? பின்னாடி வூட்டுக் கொடியில லுங்கி தொங்குது!" என்று ஒரே சத்தம். இவ்வளவு கோபத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! முருகேசன் அண்ணன் இன்னும் இறக்கணும் என்கிறார், உன் அப்பா ஏத்தணும் என்கிறார், ரெண்டு பேரும் காலையிலிருந்து வாதம். கடைசியில் நானே கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். உன் அப்பா சொல்வதுதான் சரி, ஏற்றத்தான் வேண்டும். "நீயும் அவளாட்டமே பாக்கறியே" என்று சிரித்தார்.

ஆனால் ராத்திரி படுத்தாலும் அவருக்கு மலை தெரிய வேண்டுமாம். உட்கார்ந்தால் ஒரு உயரம், படுத்தால் ஒரு உயரம். ரெண்டு ஆணியாக அடித்து மாற்றி மாற்றி மாட்டுவதா, நீளக் கயிறு போட்டு ஏற்றி இறக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. உச்சியில் தீபம் இன்னும் சில நாள்தான் எரியும். நீயும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, இல்லை முருகேசன் அண்ணனையே துளை போடச் சொல்லிவிடலாமா? உன் அப்பா எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் உக்காந்துட்டேன், கண்ணாடிய ஏத்தணும்னு எழுது." எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் போடு.

அன்புடன்,
அம்மா